மாமன் காத்த ஆரஞ்சு

என் தோட்டத்தின் மேல்கோடியில் ஒரு பாறை இருக்கிறது. எங்கள் ஊரில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். பள்ளியில் இப்போது வேலை பார்க்கும் கவிதா டீச்சர், காலையில் பிள்ளைகளைச் சத்துணவு ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு, வேலியைத் தாண்டி என் ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே நடந்து, பாறைமேல் ஏறி நின்று அன்றைய வருகையை மேலிடத்துக்கு அனுப்புகிறார். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு கிழக்கே திரும்புவார், வடக்கே திரும்புவார், சில நாள் நுனிக்காலில் நிற்பார். எதிர்ச்சரிவில் காப்பி பறிக்கும் பெண்கள் ஆரம்பத்தில் டீச்சருக்கு ஏதோ வேண்டுதல் என்றே நினைத்தார்கள். என் காலத்தில் வருகை எடுக்க ஒரு பேனா போதும். பிள்ளைகள்தான் கிடைக்க மாட்டார்கள். இப்போது பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள், சிக்னல்தான் பள்ளிக்கு வர மறுக்கிறது.

போன மாதம் ஒரு நாள் பாறையிலிருந்து இறங்கியவர், நான் காய்ந்த கிளைகளைக் கவாத்து செய்துகொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றார்.

"ஏனுங்கய்யா, ஒண்ணு கேக்கலாமுங்களா? இந்த ஊர்ல பாதிப் பேரு உங்கள மாமாங்கறாங்க, மீதிப் பேரு சித்தப்பாங்கறாங்க. உங்களுக்கு ஓமலூர்ப் பக்கம்னு சொன்னாங்க. மலை மேல இத்தன சொந்தம் எப்பிடீங்க வந்துச்சு?"

"கெவர்மெண்டு ஆர்டர்ல வந்தது கண்ணு" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "அப்படீன்னா ஆண்டு விழா மலருக்கு எழுதிக் குடுங்க, ஒரு பக்கம் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் ஒரு பக்கம் கேட்பது, பலாமரத்திடம் ஒரு சுளை கேட்பது மாதிரி. அது அவருக்கு அனுபவத்தில் தெரிய வரும்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டு ஆண்டு படித்தேன். குழந்தையின் மனம் என்பது வெற்றுப் பலகை என்று சொல்லிக்கொடுத்தார்கள். பலகையே இல்லாத பள்ளிக்கு அனுப்பினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. நியமன உத்தரவை எடுத்துக்கொண்டு ஏற்காடு வந்து, அங்கிருந்து மஞ்சக்குட்டை பஸ்ஸில் பாதி வழி வந்து, செம்மநத்தம் போகிற பாதையில் மீதியை நடந்து, இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். ஓடு வேய்ந்த ஒரே அறை. ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவனே வாத்தியார். ஒன்றாம் வகுப்பு 'அ'னா எழுதும்போது ஐந்தாம் வகுப்பு பின்னம் போடும். நடுவில் இருக்கும் மூன்று வகுப்பும் யாரையாவது கிள்ளும்.

வந்த வாரமே ஊர்க்கவுண்டர் கூப்பிட்டு அனுப்பினார். அவர்தான் ஊருக்குத் தலைவர், நியாயம் சொல்கிறவர். மாரியம்மன் கோயில் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டே போய் நின்றேன்.

"வாத்தியாரே, நீங்க எத்தன நாளைக்கு இருப்பீங்களோ தெரியாது. ஆனா முறையில்லாத மனுசன எப்பிடீங்க கூப்புடறது? எங்க பொம்பளைக உங்க முன்னால எப்பிடீங்க நடமாடறது? உங்களுக்கு ஒரு முறை வெக்கோணும்."

இந்த மலையில் ஊர் இரண்டே பிரிவு. ஒருவருக்கு மற்றவர் பங்காளி, இல்லையென்றால் மாமன் மச்சான். மூன்றாவதாக ஒரு ஆள் இருக்க இடமில்லை. ஊர்க்கவுண்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தையில் கன்றுக்குட்டி பார்ப்பவர் பார்வை அது. பிறகு, "மாரியாயிக்கு இந்த ஊர்ல கூடப் பொறந்தவங்க இல்ல. வாத்தியாரு அதுக்கு அண்ணனா இருக்கட்டும்" என்றார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற இளம்பெண் ஒருத்தி தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், எனக்கு ஒரு தங்கை கிடைத்துவிட்டாள். தங்கை கணவர் சடையன் எனக்கு மாப்பிள்ளை ஆனார். சடையனின் பங்காளிகள் அத்தனை பேருக்கும் நான் மச்சான், அவர்கள் பிள்ளைகளுக்கு மாமன்; மாரியாயி பிறந்த பிரிவுப் பிள்ளைகளுக்குச் சித்தப்பா.

மச்சான் என்றால் கேலி செய்ய உரிமை உண்டு. சடையன் அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை. என் செருப்பை ஒளித்துவைப்பார். என் குடையைச் சோளக்கொல்லைப் பொம்மையின் கையில் மாட்டிவிடுவார். பள்ளிக்கு ஒரு கரும்பலகை வந்த பிறகு, ஒருமுறை சுண்ணாம்புக்கட்டி டப்பாவில் மரவள்ளிக்கிழங்கைச் சீவி அடுக்கிவைத்திருந்தார்; நான் பலகையில் எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நான் பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியாது. தங்கை கணவர் மாப்பிள்ளை அல்லவா, மரியாதை கொடுத்தே ஆகவேண்டும்.

வகுப்பிலும் அதே தொல்லை. பாதிப் பிள்ளைகள் மாமா என்றார்கள். மாமன் அடித்தால் எந்தப் பிள்ளையாவது பயப்படுமா? கடைசியில் ஒரு சட்டம் போட்டேன். முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை சார். அதற்கு முன்னும் பின்னும் மாமா. பிள்ளைகள் அதைச் சட்டமாகவே கடைப்பிடித்தார்கள். கடைசி மணி அடித்த நொடியில், கணக்கு தப்பாகப் போட்டதற்காக நான் முட்டிபோட வைத்தவனே எழுந்து, "மாமா, ஊட்டுக்குப் போலாமுங்களா" என்று என் பையை வாங்கிக்கொள்வான்.

கல்யாணமும் தோட்டமும் பிறகு வந்தன. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கீழே மகன் வீட்டோடு போகும்போது தன் சரிவு நிலத்தை எனக்கு விற்றார். ஆரஞ்சு, பேரி, கொய்யா, இரண்டு பலா, சவுக்கு மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. பக்கத்துத் தோட்டம் சடையனுடையது. நடுவில் வேலி என்று பெயருக்குக் கொஞ்சம் முள் கிடந்தது. ஒருவர் தோட்டத்தில் குரங்கு இறங்கினால் அது அடுத்தவர் தோட்டத்திலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகும். குரங்குகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு பழத்தை முழுதாகத் தின்றாலாவது மனம் ஆறும். ஒரு கடி கடித்துவிட்டு, புளிப்பு என்று முகத்தைச் சுளித்துவிட்டு, அடுத்ததைப் பறிக்கும். புளிக்கும் என்று தெரிந்தும் அத்தனையையும் கடித்துப் பார்க்கிற பிறவியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

சடையன் மகள் அம்சவேணி அப்போது ஐந்தாம் வகுப்பு. படிப்பில் அவளுக்கு ஒரு வெறி. பொட்டலம் கட்டி வந்த காகிதம், உர மூட்டை, பஸ்ஸில் எழுதியிருக்கும் எச்சரிக்கை, எது கண்ணில் பட்டாலும் வாய்விட்டுப் படிப்பாள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. ஆரஞ்சு பழுக்கிற பருவம். சடையன் அவளைக் காவலுக்கு வைத்துவிட்டார்.

போய்க் கேட்டேன். "அஞ்சாவது வரைக்கும் வந்தது போதுமுங்க மச்சான். இனிமே அதுக்கு என்ன படிப்பு? காவலுக்கு ஆளில்ல. அதோட குறி தப்பாதுங்க, உண்டிவில்ல எடுத்துச்சுன்னா குரங்கு அடுத்த மலைக்குப் போயிரும். உங்க ஆரஞ்சுக்கும் சேத்துத்தானுங்க அது காவலு. புள்ள பள்ளிக்கூடம் வந்தா உங்க பழமும் போயிரும், பாத்துக்கங்க."

வாத்தியாருக்குப் பதில் தெரியும். ஆனால் அதே சட்டைக்குள் தோட்டக்காரன் ஒருவனும் இருந்தான், அவன் வாத்தியாரின் வாயை மூடிவிட்டான். வீட்டுக்கு வந்தால் என் மனைவியும், "அந்தப் புள்ள காவலிருந்தா நமக்கும் நல்லதுதானுங்க" என்றாள். அந்த வருடம் ஆரஞ்சு நன்றாகக் காய்த்திருந்தது. நானும் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாவது நாள் வகுப்பில் இருக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. பள்ளிக்கு எதிர்ச்சரிவில்தான் சடையனின் காவல் பரண். நாலு கம்பு நட்டு மேலே பலகை போட்டது. நடுவில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான் தூரம். பரணில் உட்கார்ந்து அம்சவேணி தமிழ்ப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறுகள் மலையில் பிறந்து... ஏய், போ சனியனே... சமவெளியில் தவழ்ந்து... கீழ எறங்கு, எறங்குங்கறேன்... கடலில் கலக்கின்றன."

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தன. நான் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். அன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பாடத்தை நான் வாசலில் நின்று, எதிர்ச்சரிவைப் பார்த்து, கத்தி நடத்தினேன். கேள்வியையும் கத்திக் கேட்பேன். வகுப்பில் இருப்பவர்கள் விழிப்பார்கள், பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும். ஒரு வாரத்தில் என் குரல் போய்விட்டது. மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்த மனைவி, "இப்பிடிக் கத்தறதுக்கு ஊர்க்கவுண்டருகிட்டப் போய்க் கேக்கலாமில்லீங்க" என்றாள். ஆரஞ்சை நினைத்து அவளும் பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் சொன்னாள்.

ஊர்க்கூட்டத்தில் பேச ஒரு ஒழுங்கு உண்டு. பேசுகிறவர் எழுந்து, தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசவேண்டும். நான் சட்டைக்காரன், தோளில் துண்டில்லை. எடுப்பதற்குத் துண்டு இல்லாதவன் எப்படிப் பேசுவது என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் ஒருவர் தன் துண்டை என் தோளில் போட்டார். நான் அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். கல்வியின் மேன்மை, பெண் கல்வி, அரசின் கொள்கை என்று பயிற்சிப் பள்ளியில் படித்ததையெல்லாம் கொட்டினேன். நல்ல பேச்சு. இன்று நினைத்தாலும் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஊர்க்கவுண்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப நீங்க வாத்தியாராப் பேசறீங்களா, மாமனாப் பேசறீங்களா?" என்றார்.

"ஏனுங்க, ரெண்டும் நான்தானுங்களே."

"இல்லீங்க. வாத்தியாருன்னா அது கெவர்மெண்டுப் பேச்சு. அத ஆபீசுல பேசோணும். இங்க அதுக்கு எடமில்லீங்க. அப்பன் சொல்லுக்கு மேல சொல்லு சொல்ல தாய்மாமனுக்கு மட்டுந்தான் பாத்தியம். நீங்க மாமனாப் பேசறதுன்னாப் பேசுங்க, கேக்கறோம்."

பயிற்சிப் பள்ளிப் பேச்சு முழுதும் வீண். "மாமனாத்தானுங்க பேசறேன். எம் மருமவ படிக்கோணும்" என்றேன். ஒரே வரி. கூட்டத்தில் தலைகள் ஆடின.

சடையன் எழுந்தார். துண்டை எடுத்துக் கையில் பிடித்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"மாமன் சொல்லத் தட்டலீங்க. ஆனா மாமன் ஒரு புள்ளய வேலையில இருந்து எடுத்தா, அந்த வேலைக்கு மாமன்தான நிக்கோணும்? ஊர் முறை அதுதானுங்களே. மச்சான் பரண்ல ஏறட்டும். புள்ள பள்ளிக்கூடம் போவட்டும்."

கூட்டம் சிரித்துத் தீர்த்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டவன் நிலைமை எனக்கு. நான் பள்ளி நேரத்தைக் காரணம் சொல்லித் தப்பிக்க வாயெடுத்தேன். பெண்கள் கூட்டத்தில் பேசும் வழக்கமில்லை. ஆனால் பின்னால் நின்ற மாரியாயி, யாரையும் பார்க்காமல் கோயில் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எங்கண்ணன் செய்வாருங்க" என்றாள்.

அதற்கு மேல் நான் என்ன சொல்வது? விடிந்ததிலிருந்து பள்ளி மணி வரைக்கும், சாயங்காலம் மணி அடித்ததிலிருந்து இருட்டும் வரைக்கும், விடுமுறை நாளில் முழுநாளும் நான் காவல். நான் பள்ளியில் இருக்கும் நேரத்துக்குச் சடையன். ஆரஞ்சு பறித்து முடியும் வரை இதுவே ஏற்பாடு என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார்.

மார்கழிப் பனி விட்டுப்போயிருந்தாலும் தை மாத விடியற்காலை மலையில் எப்படி இருக்கும் என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தலையில் மப்ளர், மேலே கம்பளி, அதற்கு மேல் மனைவியின் பழைய சேலை. இந்தக் கோலத்தில் பரணில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டினேன். உண்டிவில்லில் என் குறி எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது. குரங்குகள் முதல் இரண்டு நாள் ஓடின. பிறகு என் கல் போகாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டன. அம்சவேணி பள்ளிக்கு வந்ததும் முதல் மணிக்கு முன்னால் என்னிடம் வந்து, "மாமா, நீங்க கண்ண மூடிக்கிட்டு அடிக்கறீங்க" என்பாள். மணி அடித்துவிட்டால் சார் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவாள்.

சடையன் காலையில் பாலில்லாத வரக்காப்பி கொண்டுவருவார். பரணுக்குக் கீழே நின்று, "ஏனுங்க மச்சான், குரங்குகளுக்கும் உங்கள மாமன்னு முறை சொல்லிக் குடுத்துட்டாங்களாட்ட இருக்குதுங்க. ஒண்ணும் பயப்பட மாட்டேங்குது" என்பார். நான் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு மரியாதையோடு இருப்பேன்.

ஒரு நாள் அவர் கேலி செய்யவில்லை. பரண்மேல் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே பள்ளிக்கூடம் பனியில் பாதி தெரிந்தது.

"மச்சான், நான் படிப்புக்கு விரோதி இல்லீங்க. கீழ படிக்கப் போன புள்ளைக லீவுக்கு வந்தா கவனிச்சிருக்கறீங்களா? எங்க தட்டப் பாக்குதுக, எங்க வேட்டியப் பாக்குதுக. வாயில ஒண்ணும் சொல்லாதுக. அந்தப் பார்வையத்தானுங்க நான் சொல்றேன். எம் பொண்ணு என்ன அப்பிடி ஒருக்காப் பாத்துதுன்னா நான் தாங்க மாட்டனுங்க."

வாத்தியார் வேலையில் பதில் தெரியாத கேள்வி வந்தால், நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிச் சமாளிப்போம். அன்று அதுகூட வரவில்லை. அவர் கொண்டுவந்த காப்பியை இருவரும் பங்குபோட்டுக் குடித்தோம். அந்த நேரத்தில் குரங்குகள் என் தோட்டத்தில் ஒரு மரத்தை முடித்துவிட்டன.

இனி எங்கள் உதவித் தொடக்கக் கல்வி அலுவலரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டை, எந்தக் காலத்திலும் கையில் கறுப்புக் குடை. எல்லோரையும் 'தாங்கள்' என்பார். திட்டவே மாட்டார். அவர், "மிக்க மகிழ்ச்சி" என்று சொன்னால் ஆசிரியர்கள் இரண்டு நாள் சாப்பிட மாட்டார்கள். ஆய்வுக்கு வந்தால் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பானைத் தண்ணீரை ஒரு டம்ளர் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிறகு கரும்பலகையை விரலால் தொட்டு, நேற்றைய தேதி அழிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பார். மூன்றாவதாக, வகுப்பிலேயே சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, "உன் வாத்தியார் உன்னை அடிப்பாரா?" என்று காதோடு கேட்பார். பதிவேடு கடைசியில்தான். "தண்ணீர் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக நன்றாக இருக்கும்" என்பது அவர் கொள்கை.

மாசி மாதம் ஒரு காலை, பள்ளி மணிக்கு நேரம் இருந்தது. நான் பரணில் இருந்தேன். சடையன் தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஒரு கிளை ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. கடுவன் குரங்கு ஒன்று சில நாளாக எனக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது, அதுதான் என்று முடிவு செய்தேன். இந்தமுறை கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு இழுத்து விட்டேன். ஊரில் சேர்ந்த நாளிலிருந்து என் கல் குறியில் பட்டது அன்று ஒரு நாள்தான். 'டப்' என்று துணி கிழிகிற சத்தம்.

இலைகளுக்குள்ளிருந்து கறுப்புக் குடை ஒன்று எழுந்தது. அதன் கீழே எங்கள் அலுவலர். எஸ்டேட் ஜீப்பில் இடம் கிடைத்து விடியற்காலையிலேயே வந்துவிட்டாராம். பள்ளிக்குக் குறுக்குவழி என்று யாரோ தோட்டத்துக்குள் கைகாட்டி விட்டிருக்கிறார்கள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் அப்போதுதான் பறித்த ஆரஞ்சு.

நான் மனைவியின் சேலையைச் சுற்றிக்கொண்டு உண்டிவில்லோடு மேலே. அவர் ஆரஞ்சோடு கீழே. முதலில் அவர்தான் சுதாரித்தார். ஆரஞ்சை நிதானமாகப் பைக்குள் போட்டார்.

"பள்ளிக்கு வழி இதுதானே? தங்கள் பணிக்கு இடையூறு செய்துவிட்டேனோ?"

"இல்லீங்க ஐயா."

"மிக்க மகிழ்ச்சி" என்றார்.

சேலையை உருவிப் பரணிலேயே போட்டுவிட்டு, குறுக்கே ஓடி, அவருக்கு முன்னால் பள்ளியை அடைந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் ஒன்றுமே நடக்காதவர் மாதிரி வந்தார். பானைத் தண்ணீர், கரும்பலகை, சின்னப் பிள்ளை எல்லாம் வரிசைப்படி நடந்தன. சின்னப் பிள்ளை, வாத்தியார் அடிப்பாரா என்று கேட்டதற்கு, "அடிப்பாருங்க, ஆனாப் படாதுங்க" என்றது. அலுவலர் தன் குடையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஐந்தாம் வகுப்பில் அம்சவேணியைப் படிக்கச் சொன்னார். அவள் எழுந்து, அடுத்த மலைக்குக் கேட்கிற மாதிரி படித்தாள். பரணில் படித்துப் பழகிய தொண்டை. அவர் காதைப் பொத்திக்கொள்ளாமல் இருந்ததே பெரிய விஷயம். படித்து முடிந்ததும், "பெரியவள் ஆகி என்ன ஆகப்போகிறாய் அம்மா?" என்றார்.

"இன்னும் யோசிக்கலீங்க. மொதல்ல ஆரஞ்சு பறிச்சு முடியோணும். அதுக்குள்ள எங்க மாமனுக்குக் குறி பாத்து அடிக்கச் சொல்லிக் குடுக்கோணுமுங்க."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விஷயம் என்ன என்று கேட்டார். வெளியே அழைத்துப்போய் முறை வைத்த கதையிலிருந்து பரண் வரை சொன்னேன். கேட்டுக்கொண்டே பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரித்து, பாதியை எனக்குக் கொடுத்தார்.

"பள்ளி நேரத்துக்கு முன்னால் ஆசிரியர் குரங்கு விரட்டக்கூடாது என்று விதிமுறையில் எங்கும் இல்லை. நான் பார்த்தவரையில், வழியில் பழம் பறிக்கக்கூடாது என்றும் இல்லை" என்றார். கிளம்பும்போது, ஏற்காட்டில் மலைப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளி இருப்பதையும், ஆனியில் ஆறாம் வகுப்புக்குச் சேர்ப்பார்கள் என்பதையும் சொல்லி, தானே அங்கே சொல்லிவைப்பதாகவும் சொன்னார். அந்த மனிதர் இப்போது இல்லை. அவரைப் போல் ஒரு மேலதிகாரியை நான் அதன் பிறகு பார்க்கவில்லை.

ஆரஞ்சு பறித்து முடிந்தது. சடையன் தோட்டத்தில் நல்ல விளைச்சல் என்று சொல்ல முடியாது. என் தோட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் மனைவி கூடையைப் பார்த்துவிட்டு, "மாமன் பட்டம் நொம்ப வெலை" என்றாள். ஆனால் அம்சவேணி ஐந்தாம் வகுப்பை முடித்தாள். விடுதி விஷயத்தைச் சடையனிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். மாரியாயி இரண்டு முறை கேட்டிருக்கிறாள். இரண்டு முறையும் அவர் மண்வெட்டியைத்தான் எடுத்திருக்கிறார்.

கவிதா டீச்சர், அம்சவேணி பிறகு என்ன ஆனாள் என்று நீங்கள் கேட்பீர்கள். செவிலியர் ஆனாள். சேலத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் பாறையில் ஏறி நின்றால் கூப்பிட்டு, மாத்திரை போட்டீங்களா மாமா என்று அதட்டுகிறாள். அவள் வயதுக்கு வந்தபோது பச்சை ஓலையில் குடிசை கட்டவேண்டியது தாய்மாமன் வேலை. நான் கட்டினேன், இரண்டு முறை விழுந்தது, மூன்றாம் முறை சடையன் ஒளிந்துவந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். இதெல்லாம் பின்னால். அதற்கு முன்னால் ஒரு நாள் இருக்கிறது, அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

சடையன் சம்மதம் சொல்லாமலே சேர்க்கைக்குப் போகவேண்டிய காலை வந்துவிட்டது. பஸ் நிற்குமிடத்தில் நான், மாரியாயி, தலை நிறைய எண்ணெயோடு அம்சவேணி. சடையன் வரவில்லை. விடியுமுன்னே எழுந்து எங்கேயோ போய்விட்டார் என்றாள் மாரியாயி. அப்பன் கையால் சேர்க்காத பிள்ளையை விடுதியில் எடுத்துக்கொள்வார்களா, எடுத்துக்கொண்டாலும் அவள் அங்கே நிம்மதியாக இருப்பாளா என்று யோசித்துக்கொண்டு நான் சாலையைப் பார்த்தபடி நின்றேன். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைக்கூட அன்று அம்சவேணி படிக்கவில்லை.

பஸ் புறப்பட்டு வளைவில் திரும்பும்போது நடுச்சாலையில் சடையன் நின்றிருந்தார். சலவை வேட்டி, எங்கேயோ இரவல் வாங்கிய சட்டை, தலையில் பெரிய பலாப்பழம். என் தோட்டத்துப் பலா. எந்த மரம் என்றுகூட எனக்குத் தெரியும்.

கண்டக்டர் பழத்தை மேலே போடச் சொன்னார். சடையன் மறுத்துவிட்டார். "புள்ளைக்குச் சோறு போடற எடத்துக்கு வெறுங்கையோட போவக்கூடாதுங்க" என்று ஏற்காடு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸே மணத்தது. மகள் அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பார்வையில் தட்டும் வேட்டியும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை, ஏனென்றால் அவர் பலாப்பழத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதி வாசலில் வார்டன் அம்மா வந்து நின்றார். பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும் சடையனையும், சட்டைப் பையில் பேனா வைத்திருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளையைச் சேர்க்க வந்தது யாரு? யாருகிட்ட நான் பேசணும்?"

நான் ஒரு எட்டு பின்னால் வந்து சடையனுக்கு வழிவிட்டேன். அது அவர் பேசவேண்டிய இடம். சடையன் அசையவில்லை.

"அவருகிட்டப் பேசுங்கம்மா. அவருதான் புள்ளைக்குத் தாய்மாமன். பனியில காவல் காத்துப் படிக்க வெச்சவரு. நான் சும்மா, அப்பன்."

சொல்லும்போது அவருக்குக் கண்ணீர் இறங்கிவிட்டது. இரண்டு கையும் பலாப்பழத்தில் இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. அம்சவேணி தன் பாவாடை நுனியை எடுத்துக்கொண்டு எம்பிப் பார்த்தாள், எட்டவில்லை. நான் அவளைத் தூக்கிப் பிடித்தேன். அவள் அப்பன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.